என்கிட்ட மட்டும் சொன்னார்

அப்பா இறந்து சில மாதங்களில், அவரிடம் சினிமா படித்த பழைய மாணவர்கள் சேர்ந்து அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். எடிட்டிங் மகளிடம் வந்தது. அவளுக்கு அதுதான் தொழில். விளம்பரமோ கல்யாண வீடியோவோ, எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள்.

படத்துக்குப் பொறுப்பேற்றிருந்த தாடி அண்ணன் ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். "கஷ்டமா இருந்தா சொல்லு பாப்பா, வேற ஆள் பாத்துக்கறேன்."

மறுக்க ஒரு காரணம் யோசிக்க வேண்டும். அதற்குக்கூடத் தெம்பில்லை. "பண்றேண்ணா" என்றாள்.

அப்பா போன அன்று அவள் அழவில்லை. பிறகு வரும் என்றார்கள். வரவில்லை. பசியும் தூக்கமும் மட்டும் வேளாவேளைக்கு வந்தன.

மாணவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால், அவரவர் பேசியதை அவரவரே படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். தாடி அண்ணன் எதையும் இன்னும் பார்க்கவில்லை. அவள்தான் முதலில் பார்த்தாள்.

ஒளிப்பதிவாளர் ஒருவர் சொன்னார்: "ஒருநாள் சார் என்னைத் தனியா கூப்பிட்டு, 'இத்தனை வருஷத்துல பாக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்'னார். வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. என்கிட்ட மட்டும் சொன்னார்."

அடுத்தவரும் அதையே சொன்னார். சீரியல் இயக்கும் அக்காவிடம் மாடிப்படியில் வைத்துச் சொல்லியிருக்கிறார். சவுண்ட் இன்ஜினியரிடம் பஸ் ஸ்டாப்பில். சினிமா சரிப்படாமல் இன்சூரன்ஸ் விற்கப் போனவரிடமும் சொல்லியிருக்கிறார். கடைசியில் தாடி அண்ணனே கேமரா முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பதிவின் பின்னணியில் மின்விசிறிச் சத்தம் அதிகமாக இருந்தது. குறைத்தாள்.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"உங்கப்பா அப்படித்தான்" என்றாள் அம்மா. "ஆனா சொல்றப்போ நெசமாத்தான் சொல்லுவார். உன்கிட்டயும் சொல்லியிருப்பாரே?"

"ஞாபகம் இல்லம்மா."

மறுநாள் தாடி அண்ணனை வரச்சொல்லி, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிக் காட்டினாள். இரண்டாவது ஆள் சொன்னபோது லேசாகச் சிரித்தார். அதற்குப் பிறகு தாடியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவருடைய முகமே திரையில் வந்து போன பிறகு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உங்களுக்கும் எனக்கும்தான். அம்மாவுக்கும்."

"உன்கிட்ட சொல்லியிருக்காரா?"

"இல்லண்ணா. நான் வெட்டின எதையும் அவர் பாத்ததில்ல."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"யாராவது ஒருத்தர் சொன்னது போதும்ணா" என்றாள். "எல்லாத்தையும் வச்சா ஜனங்க சிரிச்சிடுவாங்க."

"யாரோடது?"

அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "இன்சூரன்ஸ் அண்ணனோடது."

"அவனா? அவன் ஒரு படம்கூட எடுக்கலையே."

"அதான். உங்களுக்கெல்லாம் சொல்றதுக்கு வேற விஷயம் இருக்கு. அவர் பேசினதுல இதை எடுத்துட்டா ஒண்ணுமே இல்ல."

திரையை ஒருமுறை பார்த்தார். "சரி, என்னோடதை எடுத்துடு" என்று எழுந்து போனார்.

படத்தைச் சின்ன அரங்கு ஒன்றில் திரையிட்டார்கள். இன்சூரன்ஸ்காரர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, முன்வரிசையில் சில தலைகள் சட்டென்று நிமிர்ந்தன. படம் முடிந்து வெளியே காபி கொடுத்தார்கள். ஒளிப்பதிவாளரும் சீரியல் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவரவர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ்காரர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். "நான் சொன்னா வீட்ல நம்பவே மாட்டேங்கறா. இதை ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தர்றியா பாப்பா?"

"நாளைக்குத் தரேண்ணா."

அவர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் உள்ளங்கை ஈரமாக, சூடாக இருந்தது. அவராக விடும்வரை நின்றாள். பிறகு லேப்டாப்பை எடுக்க உள்ளே போனாள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"இல்லம்மா, காபி குடிக்கறாங்க. நீ கிளம்பு" என்று ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.