சூப்பர்வைசர் சீட்டு

கேன்டீனுக்குப் பின்னால் சீட்டாடியதற்காக மூன்று ஆபரேட்டர்களை சஸ்பெண்ட் செய்த அதே மாதத்தில், கம்பெனியே சீட்டுக்கட்டு வாங்கி, ஏசி அறையில் உட்காரவைத்து, ஆடச் சொன்னது. இதற்குப் பெயர் பயிற்சி. அந்த மூவரையும் கையும் களவுமாகப் பிடித்தவர் தங்கதுரை. இப்போது ஆட உட்கார்ந்தவரும் அவரே.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. லாரிக்குக் கியர் செய்யும் கம்பெனி. லாரி வாங்கத்தான் ஆளில்லை. ஓசூர் சிப்காட்டில் பாதி ஷெட்டுகளின் வாசலில் நாய் நிம்மதியாகத் தூங்கியது. இரண்டு லைன்களை ஒன்றாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. இரண்டு லைனுக்கு இரண்டு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள், தங்கதுரையும் ஹரீஷ்குமாரும். ஒருவர் இங்கே இருப்பார். மற்றவர் உத்தரகாண்டில் திறந்திருக்கும் புது யூனிட்டுக்குப் போவார்.

தங்கதுரைக்குத் தூத்துக்குடி. ஓசூர்க் குளிரையே அவர் ஒரு தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டவர். மகள் லாவண்யா பிளஸ் ஒன் படித்தாள். அடுத்த வருடம் பப்ளிக் பரீட்சை. இந்த நேரத்தில் இமயமலை அடிவாரத்தில் போய்ச் சப்பாத்தி தின்ன அவருக்கு விருப்பமில்லை.

"இது போட்டி இல்ல. சும்மா ஜாலிக்கு" என்றார் பிளான்ட் மேனேஜர் ஸ்ரீராம். அதைக் கேட்டதுமே, ஜெயிப்பவர்தான் இங்கே இருப்பார் என்று தங்கதுரை முடிவுகட்டிவிட்டார்.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து பிரவீனா வந்திருந்தாள். மேசை நிறையச் சீட்டுகள். ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் ஓர் ஆள், அல்லது ஒரு பொருள், அல்லது ஒரு தொல்லை. அதிலிருந்து அவரவர் தமக்கு ஒரு கட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சீட்டை இறக்க, அதன் மூலையில் போட்டிருக்கும் விலையைப் புள்ளிகளில் கட்ட வேண்டும். சுற்றுக்குக் கொஞ்சம் புள்ளிதான் கிடைக்கும். கடைசியில் யார் பக்கம் அதிகக் கியர் தேறுகிறதோ அவர் ஜெயித்தவர். மூன்று ஆட்டம்.

"செய்யற கார்டு இருக்கு, காப்பாத்தற கார்டு இருக்கு, வேற கார்டைக் கூட்டிட்டு வர்ற கார்டு இருக்கு, எதிராளியைக் கெடுக்கற கார்டு இருக்கு" என்றாள் பிரவீனா. "கார்டு எவ்ளோ பெரிசுன்னு பாக்காதீங்க சார். உங்க கட்டுல அதுக்கு என்ன வேலைன்னு பாருங்க."

தங்கதுரை பெரிசாகத்தான் பார்த்தார். டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், ஜெனரல் மேனேஜர். கோட்டுப் போட்ட படம் எதையும் விடவில்லை. பதினைந்து வருடம் கம்பெனியில் மேலே பார்த்தே பழகிய கழுத்து அது. முதல் சுற்றுகளில் எதையும் இறக்க அவரிடம் புள்ளியில்லை. கை நிறையக் கோட்டு. பாதி ஆட்டத்தில் ஒருவழியாக ஜெனரல் மேனேஜர் இறங்கினார். அவர் வந்தால் எல்லா ஆபரேட்டர்களும் இரண்டு மடங்கு கியர் செய்வார்கள் என்று சீட்டில் எழுதியிருந்தது. ஆபரேட்டர் என்று ஒரு சீட்டையும் தங்கதுரை எடுத்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, ஜி.எம். வந்துட்டாரு. டீ சொல்லட்டுமா?" என்றான் ஹரீஷ்குமார். ஓசூரை ஒட்டிய பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, மெஷினிடம் கன்னடம், தங்கதுரையிடம் கிண்டல்.

"ஃபேக்டரி சூப்பரா கட்டிட்டீங்க சார். புரொடக்‌ஷன் மட்டும்தான் இல்ல" என்றாள் பிரவீனா. ஸ்ரீராம் சுவரோரம் நின்று காபி குடித்தார்.

இரண்டாவது ஆட்டத்துக்குத் தங்கதுரை தம் ஆட்களைக் கீழிருந்து சேர்த்தார். விலை குறைந்த ஆபரேட்டர்கள் நிறைய, மெஷினைப் பார்க்க ஒரு ஃபிட்டர், வேண்டிய சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துத்தர ஒரு ஸ்டோர்ஸ்காரர். ஹரீஷ் பவர் கட் போட்டான். ஜெனரேட்டர் சீட்டு காப்பாற்றியது. கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் பந்த் என்று போட்டான். லாரி நின்றது, ஆனால் கியர் ஏற்கெனவே குவிந்துவிட்டது. தங்கதுரை ஜெயித்தார். ஆனால் ஆட்டம் முழுக்க இரண்டு சீட்டுகள் அவர் கையிலேயே கிடந்தன. சூப்பர்வைசர் சீட்டுகள். விலை ஜெனரல் மேனேஜருக்கு அடுத்தபடி. வேலை: பக்கத்து ஆபரேட்டர் ஓய்வெடுக்க மாட்டார். இந்த ஆட்டத்தில் எந்த ஆபரேட்டரும் ஓய்வெடுப்பதே இல்லை. சொந்த இனமாயிற்றே என்று எடுத்திருந்தார், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் ஹரீஷ் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கார்டைக் கட்டுலேருந்து எடுத்துடப் போறீங்களா?"

"எந்தக் கார்டு?"

"நம்ம கார்டுதாங்க."

தங்கதுரை சாம்பாரைப் பிசைந்தார். "அது ஒண்ணுக்கும் ஆகாம கெடக்கு தம்பி."

"அது நமக்குத் தெரியும். சாருக்கு எதுக்குத் தெரியணும்? ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு வச்சுக்கலாங்க. நஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான."

"சரிதான். நாமளே நம்ம கழுத்த அறுத்த மாதிரில்லா இருக்கும்."

"வச்சுப்பீங்கல்ல?"

"திருச்செந்தூர் முருகன் சத்தியமா வச்சிருப்பேன்."

ஹரீஷ் மோர் வாங்கப் போனான். தங்கதுரை யோசித்தார். திருச்செந்தூர் தூரம்தான். உத்தரகாண்ட் அதைவிடத் தூரம். பயிற்சி அறைக்கு முதலில் திரும்பி, இரண்டு சூப்பர்வைசர்களையும் கட்டிலிருந்து உருவி, அந்த இடத்தில் இரண்டு ஆபரேட்டர்களை வைத்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் அவர் கை தடங்கலில்லாமல் ஓடியது. எடுத்த சீட்டெல்லாம் வேலைக்கு ஆயிற்று. எதிரில் ஹரீஷ், ஆபரேட்டர் தேவைப்பட்ட சுற்றில் ஒரு சூப்பர்வைசரை இறக்கினான். அடுத்த சுற்றில் இன்னொன்று. புள்ளி முழுவதும் அதற்கே போயிற்று. தங்கதுரைக்கு ஒரு கணம் மனது உறுத்தியது. பிறகு கியர்களை எண்ணிப் பார்த்தார், உறுத்தல் நின்றது. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அறையில் கைதட்டினார்கள். ஹரீஷும் தட்டினான்.

ஸ்ரீராம் மேசைக்கு வந்து, தங்கதுரையின் கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பர்வைசரே வைக்கலயா நீங்க?"

"தேவைப்படல சார்." சொன்ன பிறகுதான் அது எங்கே போய் நிற்கும் என்று தோன்றியது.

"பிரமாதம். இப்படி ஒரு ஆளத்தான் தேடிட்டு இருந்தேன்." ஸ்ரீராம் அவர் தோளில் கைவைத்தார். "உத்தரகாண்ட்ல இப்ப சூப்பர்வைசரே கிடையாது. அங்க எப்படி லைன் ஓட்டறதுன்னு எனக்குத் தூக்கமே இல்ல. உங்கள விட்டா யாரு தங்கதுரை?"

"சார், ஜெயிச்சவங்க இங்கதான..."

"அப்படி யாரும் சொல்லலயே. ஹரீஷ் இங்கயே இருக்கட்டும். அவருக்கு அந்தப் போஸ்ட் மேல ஒரு நம்பிக்கை இருக்கு. நம்பிக்கை இருக்கறவங்கதான அந்த வேலையப் பாக்கணும்."

பிரவீனா ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தாள். உள்ளே கம்பெனி பெயர் போட்ட ஃபிளாஸ்க்.

ஷிப்ட் விட்டதும் வண்டி ஷெட்டில் ஹரீஷ் நின்றிருந்தான். தங்கதுரை நேரே அவனிடம் போனார்.

"தெரிஞ்சுதான் அந்தக் கார்ட வச்சியா?"

"காலைலேருந்து சார் கியர எண்ணவே இல்லைங்க அண்ணாச்சி. யாரு எந்தக் கார்டை எடுக்கறாங்கன்னுதான் பாத்துட்டு இருந்தாரு."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேனே. ரெண்டு பேரும் வச்சுக்கலாம்னு."

தங்கதுரைக்கு வண்டிச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று மறந்துவிட்டது. ஹரீஷ்தான் அது வண்டியிலேயே இருப்பதைக் காட்டினான்.

வீட்டில் பொற்கொடி கதவைத் திறந்ததும் கேட்டாள்: "ஜெயிச்சிட்டியளா?"

"ஜெயிச்சிட்டேன்."

"அப்பாடா. யாரு வடக்க போறா, அந்தப் பாகலூர்ப் பையனா?"

தங்கதுரை ஃபிளாஸ்க்கை அவள் கையில் கொடுத்தார். சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.