எட்டுச் சொட்டு

...நீலமாகத்தான் நிற்கும், நிற்காமல் எங்கே போகும், மூன்று மாதமாகச் சர்க்கரை என்ற வஸ்துவை நாக்கு நுனியில்கூடப் படவிடாத மனுஷனுடைய மூத்திரம், அதற்கும் ஒரு மரியாதை இருக்காதா என்று எண்ணியபடி வெள்ளியங்கிரி கண்ணாடிக் குழாயைக் கிடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்தார். மயில்துத்தம் கரைத்த தண்ணீர் போல நீலமாய் மருந்து, அதில் எட்டுச் சொட்டு, ஒன்பதாவது விழப் பார்த்ததைக் கையை இழுத்துத் தடுத்தாயிற்று. சேலத்து டாக்டர் சாமான்களைக் கொடுத்துச் சொல்லியனுப்பிய கணக்கு இது. கொதித்த பிறகும் நீலமாக நின்றால் நல்லது, பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் மோசம், செங்கல் நிறம் வந்தால்... வந்தால் இடதுகால் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டியதுதான், புண் மேலே ஏறுகிறது, திங்கட்கிழமை முடிவு செய்வோம் என்றாரே, என்னமோ மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுப்பது போல! இன்றைக்கு ஞாயிறு. குழாய்க்குள் முதல் குமிழி புறப்பட்டது. என்ன அழகான நீலம், ஜேடர்பாளையம் அணைக்கட்டில் காற்றில்லாத மத்தியானத்தில் தண்ணீர் இப்படித்தான் நிற்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் நாமே உள்ளே மிதப்பது போல...

மிதந்தார். குளியலறை ஜன்னலுக்கு வெளியே அவருடைய சேகோ பேக்டரியின் களம், சிமெண்டுத் தரையில் ஜவ்வரிசி ஏக்கர் கணக்கில் வெயில் காய்ந்தது, மேகத்தை உதறிக் கொட்டியது போல வெள்ளை. அன்றைக்கு மேடையிலும் இதே வெள்ளை, வேட்டி, துண்டு, மல்லிகை மாலை. ஆலை அதிபர்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில், தலைவர் என்ற முறையில், ‘இந்த நிமிஷம் முதல் நான் சர்க்கரையைத் துறக்கிறேன்’ என்று மைக்கில் அறிவித்தபோது எழுந்த கைதட்டல் இருக்கிறதே... ராஜ்ஜியத்தைத் துறந்தவர்களுக்குக்கூட அவ்வளவு விழுந்திருக்காது. பொன்னாடை வேறு. லட்டுத் தட்டு வந்தது, புறங்கையால் தள்ளினார், போட்டோக்காரன் கோட்டைவிட்டதால் இன்னொரு தரம் தள்ளினார். பிறகு தொண்டை வறண்டதற்கு ஆரஞ்சு ஸ்குவாஷ் இரண்டு டம்ளர், பசிக்கு நாலு பிஸ்கட், வெறும் பிஸ்கட்தானே. வீட்டுக்கு வந்தால் சௌந்திரம், முப்பது வருஷமாகக் கைதட்டியே பழக்கமில்லாதவள், மாலையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, “மைக்குக்கு முன்னால உட்டீங்க, சேரி. ஊட்டுக்குள்ள உட்டீங்களாங்க?” என்றாள். விட்டாரே! காப்பியில் விட்டார், பாயசத்தில் விட்டார், மச்சினன் வீட்டு வளைகாப்பில் ஒரு துண்டு மைசூர்பாகு மன்றாடியும் விட்டார்...

பச்சை. மெல்லிய பச்சை, ஜவ்வரிசிக்கு அரைக்கிற மரவள்ளி, அந்தக் குச்சிக்கிழங்குக் கொழுந்து மாதிரி. பரவாயில்லை, பச்சைக்கு டாக்டரே பரவாயில்லை என்றுதானே சொன்னார். நேற்றுக் கிருத்திகை விரதம் வேறு, சோற்றைத் தொடவில்லை, சொந்த பேக்டரி ஜவ்வரிசியில் உப்புமா மட்டும், கொஞ்சம் தாராளமாக, விரதத்துக்குத் தெம்பு வேண்டாமா. அப்புறம் மால்ட். கர்லாக்கட்டை சுழற்றும் பயில்வான் படம் போட்ட டப்பா, சர்க்கரை போடாத பாலில் மூன்று கரண்டி, காலையும் மாலையும். பேக்டரி மேஸ்திரி கண்ணுசாமிகூட, “மொதலாளி, சக்கரய உட்டும் மொகம் தகதகன்னு இருக்குதுங்க, அந்த டப்பா எங்கீங்க கெடைக்குது?” என்று கேட்டான். கடையில் வாங்கியதா அது, தீபாவளிக்கு ஒரு பெட்டி நிறைய வந்தது, அனுப்பியது யார்... நம்மிடம் மாவு வாங்குகிற குளுக்கோஸ் பேக்டரிக்காரர்தான்...

மஞ்சள். விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், சூடு அதிகமோ என்னமோ.

அந்தக் குளுக்கோஸ் பேக்டரியை ஒருதரம் சுற்றிக் காட்டினார்கள். எழுபத்தொன்பதிலா, எண்பதிலா... நம்முடைய மாவு, பால் மாதிரி கரைத்து, ஒரு பெரிய கொப்பரைக்குள் விட்டு, துளி அமிலம் சேர்த்து ஆவியில் வேகவைத்தார்கள், மறுபக்கத்துக் குழாயில் தேன் வடிந்தது. சுண்டுவிரலைவிட்டு நக்கினார், தித்திப்பு! பொடிப்பொடி வெள்ளை மாவு, நாக்கில் வைத்தால் சாக்பீஸ் பொடியை விடச் சப்பென்று இருப்பது. இது எங்கெல்லாம் போகுதுங்க என்றதற்குக் குளுக்கோஸ்காரர் விரல்விட்டு எண்ணினார், பிஸ்கட்டுக்கு, மிட்டாய்க்கு, டானிக்குக்கு, மால்டுக்கு. அப்புறம் எத்தனை மேடையில் முழங்கியாயிற்று, ‘நாட்டில் எவன் எதைத் தின்றாலும் அதற்குள் நம் கிழங்கு இருக்கிறது!’ அதற்கும் கைதட்டினார்கள். அமிலமும் கொப்பரையும் செய்கிற அந்த வேலையை வயிறு சும்மாவே செய்யுமோ... அப்படியானால் நேற்றைய உப்புமா?

குழாய்க்குள் ஆரஞ்சு திரண்டு, அடியில் கலங்கல் இறங்கி, கெட்டியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், அவருடைய ஆலையின் செங்கல் புகைபோக்கி நிறத்துக்கு வந்து நின்றது. குனிந்து கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்கவே இல்லை, யாரோ ஒருவருடைய விரலைத் தொடுவது போல.

“ஏனுங்க, என்ன கலருங்க?” சௌந்திரம் கதவுக்கு வெளியே. அவர் விளக்கை ஊதி அணைத்தார். “சேரி, மொதல்ல இதக் குடியுங்க, ஆறுது.” கதவு இடுக்கில் டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ஒரு கையில் குழாய், ஒரு கையில் மால்ட், இரண்டிலும் ஆவி. பழக்கத்தில் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கு அதை உடனே அடையாளம் கண்டது, அன்றைக்குச் சுண்டுவிரல் நுனியில் இருந்த அதே தித்திப்பு... மூன்று மாதமாக, காலையும் மாலையும், இனித்துக்கொண்டேதானே இருந்தது. அப்போதெல்லாம் அதை என்னவென்று நினைத்துக்கொண்டு குடித்தோம்?