பதினான்காவது துளை

அந்த ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலையில் குவாபாரா வீட்டுக்குள் பனி பெய்யத் தொடங்கியது. பதினான்கு இடங்களில், பதினான்கு மெல்லிய நூல்களாக, உட்கூரைப் பலகையைத் துளிகூட நனைக்காமல் இறங்கியது. எங்கள் ஊரான கமிசாவாவில் ஜனவரியில் பனி பெய்வது ஒரு செய்தியே அல்ல. தெருவில் ஆள் உயரத்துக்குக் கிடந்தால்தான் குளிர்காலம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் அது வீட்டுக்கு வெளியே பெய்வதுதான் வழக்கம்.

காரணம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் வாய் திறக்கவில்லை. குவாபாராவின் தகரக் கூரை அடுத்த வீட்டுப் பக்கம் சரிவது. ஆறு வருடமாக அதன் பனி மொத்தமாக வழுக்கி, அடுத்த வீட்டு மருயாமா கியோவின் நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தது. கூரையில் பனி வழுக்காமல் பிடித்து நிறுத்த நாலு பனித்தடைகள் கூடுதலாக வைத்தாலே தீர்ந்துபோகிற விஷயம். கியோவோ சுற்று வட்டாரத்தில் தகரக் கூரை வேலைக்குப் பேர்போனவள். அவளை வேலைக்குக் கூப்பிட்டால் ஆறு வருடக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று குவாபாரா கூப்பிடவில்லை. தானே பேச்செடுத்தால் வேலை கேட்டு வந்ததாகிவிடும் என்று கியோவும் சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் அவன் வீட்டுப் பனியை வாரிக் கொட்டுவாள்; அவன் குனிந்து வணங்கி, “இன்னைக்கு ரொம்பக் குளிரு இல்லீங்களா, அக்கா?” என்பான். “ஆமா தம்பி, ரொம்பத்தான்” என்பாள். அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. தபால்காரர் முதல் நாள் என் பெயரைத் தப்பாகச் சொன்னபோது திருத்தக் கூச்சப்பட்டு, பதினோரு வருடமாக அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஜனவரிக்கு முந்திய இலையுதிர் காலத்தில் ஒருநாள், கியோ வெளியூர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குவாபாரா வாடகைக்கு ஒரு டிரில் எடுத்துக் கூரைமேல் ஏறினான். தகரத்தோடு தகரம் சேர்ந்து மடித்து நிற்கிற விளிம்பு இருக்கிறதே, வானத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது அந்த மடிப்பு ஒன்றுதான். அதன் நடுவிலேயே திருகை இறக்கிப் பதினான்கு பனித்தடைகளை முடுக்கிவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாத நிறைவோடு இறங்கி வந்தான்.

வீட்டுக்குள் விழுந்த பனி முதல் நாள் குவியலாகக் கிடந்தது. மூன்றாம் நாள் குவியல்களுக்குத் தோள் வந்தது, மடித்த முழங்கால் வந்தது. முகம் வரவில்லை. பதின்மூன்று பேர் கூடத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். குவாபாராவின் மனைவி தோமோயோ, வந்தவர்களை வெறுமனே உட்கார வைக்கக் கூடாதே என்று ஆளுக்கொரு திண்டு போட்டு டீ வைத்தாள். டீ ஆறவில்லை, உறைந்தது. பதினான்காவது ஆள் கூடத்துக்கு வரவே இல்லை. எட்டு மாதக் குழந்தை நத்சு படுத்திருந்த அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் ஒரு சாண் அவளை நெருங்கியிருந்தது.

குழந்தையை வேறு அறைக்குத் தூக்கிப் போனார்கள். அடுப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால், அந்த அறையிலும் ஒரு நூல் பனி இறங்கி அது உட்கார்ந்திருந்தது. ஊரைவிட்டுப் போகலாம் என்றால் ரயில் நின்று நாலு நாளாகியிருந்தது. பனிச்செருப்பு கட்டி நடந்தே வந்த டாக்டர், குழந்தையின் உடல்சூடு முப்பத்தைந்து புள்ளி ஒன்று செல்சியஸ் என்றார், மறுநாள் முப்பத்து நாலு புள்ளி நாலு என்றார், அதற்கு மறுநாள் எண்ணைச் சொல்லவில்லை. குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. மூச்சு மட்டும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

அன்று காலை குவாபாரா இடுப்பளவு பனியில் நீந்தி அடுத்த வீட்டுக்குப் போனான்.

“அக்கா, ஆறு வருஷமா உங்க பாதையில விழுந்தது எங்க வீட்டுப் பனி.”

“அப்படியா? நான் வானத்துலேர்ந்து விழுந்ததுன்னுல்ல நெனச்சேன்” என்றாள் கியோ. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “என்ன செஞ்சு வெச்சே?”

“பதினாலு திருகு.”

“மடிப்பு மேலயா?”

தலையாட்டினான்.

“அறிவு கெட்டவனே! மடிப்பைக் கவ்வணும்டா, குத்தக் கூடாது!”

ஆறு வருடத்தில் அவள் பேசிய முதல் உண்மையான வார்த்தை அது. குவாபாரா நின்ற இடத்திலேயே அழுதான்.

பழைய தடைகளை முதலில் பிடுங்கினால் ஒன்றரை மீட்டர் பனி மொத்தமும் கியோவையும் சேர்த்து வாரிக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, தோண்டித் தோண்டி, மேல் வரிசையில் புதிய தடைகளை வைத்தாள். இரண்டு இரும்புத் தாடைகள் மடிப்பை இருபுறமும் கவ்வும். மொண்ணை முனை போல்ட் ஒன்று அதை அழுத்தும், துளைக்காது. கையால் முடுக்கியபின் ஸ்பானரால் ஒன்றரைச் சுற்று, அவ்வளவுதான். அதற்குமேல் போனால் மடிப்பு நசுங்கும். அதற்கப்புறம்தான் பழைய திருகுகளைக் கழற்றினாள். முதல் துளையில் ஒட்டு வைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தாள்.

“மூடிட்டா உள்ள இருக்கறவங்க எந்த வழியாடா போவாங்க? மொதல்ல அவங்களக் கெளப்பு!”

குவாபாரா ஒவ்வொருவர் முன்பும் மண்டியிட்டு, நேரமாகிவிட்டதே, வழியில் சிரமமாக இருக்குமே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். யாரும் அசையவில்லை. கடைசியில், வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“போங்க!”

முதல் ஆள் தலையிலிருந்து பிரிந்து, நூல்கண்டு போல மேல்நோக்கிச் சுழன்று கூரை வழியாக வெளியேறியது. கியோ துளையை அடைத்தாள். மதியத்துக்குள் பதின்மூன்று முறை அப்படிக் கத்தி அவன் தொண்டை கட்டிப்போனது.

பதினான்காவது போகவில்லை. அதன் விரல் குழந்தையின் போர்வைமேல் இருந்தது. நத்சுவின் உதடு நீலமாகியிருந்தது. குவாபாரா வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. தோமோயோ அவனைத் தள்ளிவிட்டு அதற்கும் குழந்தைக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

“போக மனசில்லேன்னா இரு. வடக்குச் சுவரோரமா இரு. எம் பொண்ணு மேல கை வெச்சே, அடுப்பத் தூக்கி உம் மேலயே கொட்டிருவேன்.”

அது நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில் சுவரோரம் இருந்தது. தோமோயோவின் முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. மேலிருந்து கியோ, “கடைசி ஓட்டை, மூடட்டுமா?” என்றாள்.

“வேணாம்க்கா” என்றாள் தோமோயோ. “அதுக்குப் போக வழி வேணும்.”

நத்சுவுக்கு இப்போது ஏழு வயது. அக்டோபர்தோறும் கியோ கூரைமேல் ஏறி ஒவ்வொரு போல்டையும் தொட்டுப் பார்க்கிறாள்; திறந்திருக்கும் துளையை மட்டும் தொடுவதில்லை. அதன் வழியாக ஒரு சொட்டு மழைகூட இறங்கியதில்லை. மார்ச் கடைசியில் பதினான்காவது ஆள் அந்த வழியாகப் போகும், டிசம்பர் பிறந்ததும் வரும். வடக்குச் சுவரோரம் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நத்சு அதற்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறாள், கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான். அது இருக்கிற நாள் முழுக்கத் தாயும் தகப்பனும் முறை வைத்துத் தூங்குகிறார்கள். போன வருடம் டிசம்பர் ஒன்பதாம் தேதிதான் வந்தது. பனி குறைவான வருடம், ஆகையால் சற்றுத் தாமதம்.