மெஷினுக்குள் லாட்டு, லாட்டுக்குள் மெஷின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பந்தல்குடி ரோட்டில் இருக்கிற எங்கள் நூற்பாலையில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தொண்ணூற்று மூன்றில் அந்த வாயால், கூட வேலை பார்த்த காளிராஜை ஒரு வாரம் வறுத்தெடுத்தேன். பாவம், தப்பு அவன் மேல் பாதிதான்.

நான் மாரிக்கனி, பரளச்சிக்காரி. அந்த ஆலையில் நாலு வருஷம் நூல் சுற்றிய கோனைப் பெட்டியில் அடுக்கியவள். சாயங்காலம் டவுனில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஆலைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் ஐயாத்துரை ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு லாட்டு, அதாவது ஒரே தடவையாக நூற்ற ஒரு தொகுதி நூல், எந்த மெஷினில் ஓடியது என்று புரோகிராம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் அது ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் வந்த மதுரைக்கே திரும்பிப் போகும், நானும் கோன் அடுக்கத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மெஷின் பகுதியை நான் எழுதினேன். லாட்டுப் பகுதி காளிராஜுடையது. அவன் அருப்புக்கோட்டை பலசரக்குக் கடைக்காரர் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன். இன்னது இப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற பக்கத்துக்கு ஹெடர் ஃபைல் என்று பேர். வேண்டிய ஃபைல் வேண்டிய ஹெடரை மட்டும் அழைத்துக்கொண்டால் போதும். இவனோ எந்த ஃபைலை எடுத்தாலும் பதினாலு ஹெடரையும் வரிசையாக அழைத்திருந்தான். ஒரே பேர் திரும்பத் திரும்ப வருகிறது என்று திரை நூறு தப்பு காட்டியது.

காரணம் கேட்டேன். போன வைகாசியில் அவன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பேர் விட்டுப்போய், மனுஷன் பந்தலிலேயே துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அதிலிருந்து யாரையும் விடக்கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறான். கம்ப்யூட்டருக்கு ஏது சித்தப்பா என்று நான் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை காலை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தேன். இதற்கு யார் தேவை என்று கேட்டுக்கேட்டு, தேவையில்லாததை எல்லாம் அடித்தேன். ஒரு முறை வந்த ஹெடர் மறுபடி வந்தால் வாசலிலேயே நிறுத்துகிற மூன்று வரியை ஒவ்வொன்றிலும் சேர்த்தோம். நூறு தப்பு காட்டிய திரை ஒரே ஒரு தப்பில் வந்து நின்றது. மெஷினின் அளவு தெரியவில்லை என்றது.

அதைப் பார்த்ததும் என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. லாட்டுக்குள் மெஷின் நம்பரை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று காளிராஜ் முதலிலேயே கேட்டிருந்தான். என் மெஷின் என்ன அவ்வளவு இளப்பமா, முழுசாகவே வை என்று அதட்டியவள் நான். அதோடு நிற்காமல், கடைசியாக ஓடிய லாட்டு என்று என் மெஷினுக்குள் அவன் லாட்டையும் முழுசாக வைத்திருந்தேன். அதற்குள் இது, இதற்குள் அது. எத்தனை இடம் ஒதுக்கினாலும் பற்றாது.

“தப்பு என்னோடதுதான் தம்பி. ஆளையே வீட்டுக்குள்ள குடி வைக்கச் சொல்லிட்டேன். வெலாசத்த மட்டும் எழுதி வச்சிருந்தா போதும்.”

அவன் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. லாட்டு ஹெடரில் என் ஹெடரை அழைத்த வரியை எடுத்துவிட்டு, மெஷின் என்று ஒன்று உண்டு, விவரம் பின்னால் வரும் என்பதாக ஒற்றை வரி எழுதினான். உள்ளே முழு மெஷின் இருந்த இடத்தில் அதன் முகவரியை வைத்தான். அதற்கப்புறம் ஒரு தப்பும் காட்டவில்லை.

பன்னிரண்டுக்கு ஐயாத்துரை வந்தார். நாற்பத்தேழாம் லாட்டைக் கேட்டார். ஆறாம் மெஷின் என்றது திரை. ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, ஒரு வாரம் இழுத்தது யாரால் என்று கேட்டார்.

காளிராஜ் வாயைத் திறப்பதற்குள் என்னால்தான் என்று சொல்லிவிட்டேன்.  திங்கட்கிழமை கோன் அடுக்கும் இடத்தில் நிற்பதாகவே எனக்குப் பட்டது. ஐயாத்துரை என் முகத்தைப் பார்த்தார்.

“கோன் அடுக்கவா போவ? ஒன் எடத்துல குருவம்மாளப் போட்டு பத்து நாளாச்சு. அங்க ஒனக்கு எடமில்ல.”

பத்து நாள் முன்னால் எங்கள் புரோகிராமில் ஒரு வரிகூட ஓடவில்லை. அப்போதே என்னைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே வைத்துக்கொள்ள முடிவு பண்ணியிருக்கிறார். நான் அழுதுவிட்டேன். அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி, நாற்பத்தெட்டாம் லாட்டைப் போடச் சொன்னார்.