வழியில் இருக்கும் பதில்

பேசும் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். எதிரே திரை, அதற்கு மேல் சின்னதாக ஒரு காமிரா, சுவரில் ஒரு கடிகாரம். டிரைவிங் ஸ்கூல் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தவள், காமிராவைப் பார்த்து முதலில் சொன்னது தண்ணீர்த் தொட்டி விஷயம்.

"மொட்டை மாடித் தொட்டி ஒழுகுதுங்க. ஈரம் நம்ம ரூம் சுவர் வரைக்கும் இறங்கிடுச்சு. வேற ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இனி இருபது நிமிடம் அந்த வார்த்தைகள் கம்பெனியின் மிஷினுக்குள் சும்மா கிடக்கும். அப்புறம்தான் அவள் கணவனின் காதுக்குப் போகும். அவன் பதில் சொன்னால் அது வருவதற்கும் அதே இருபது நிமிடம்.

இத்தனைக்கும் அவன் இருப்பது கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தாலே தெரியும், ஜன்னல் இல்லாத வெள்ளைக் கட்டிடம், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. செவ்வாய் கிரகத்துக்கு மனிதர்களை அனுப்பிக் காட்டுகிறோம் என்று கிளம்பியிருக்கும் கம்பெனி, அங்கே எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இங்கே இருந்து பாருங்கள் என்று நாலு பேரை எட்டு மாதமாக அதற்குள் பூட்டி வைத்திருக்கிறது. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்ப இழுக்க வேண்டும். குடித்த தண்ணீரையே வடிகட்டித் திரும்பக் குடிக்க வேண்டும். பேச்சும் அத்தனை தூரத்திலிருந்து வருவது போலத் தாமதமாகத்தான் வர வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற புருஷனிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, தட்டு கழுவிய பிறகு அவன் சொல்லும் பதிலைக் கேட்கிற கொடுமை வேறு எவளுக்கு வாய்க்கும்?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று டிவியில் தினமும் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்தாலேயே முடியாததைத் தனியார் செய்துவிடுவார்களா என்று ஒருத்தர். அரசாங்கத்தால் முடியாததால்தான் தனியார் செய்ய வேண்டும் என்று இன்னொருத்தர். பஸ் கண்டக்டரான அவளுடைய அண்ணன்தான் ஒரே போடாகப் போட்டான்.

"தனியார் பஸ்காரன் கூட்டம் இல்லேன்னா பாதி வழியில இறக்கி விட்டுட்டு வண்டியைத் திருப்பிடறான். இவனுங்க நம்ம மாப்பிள்ளையை எங்க இறக்கி விடப் போறானுங்களோ."

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் மட்டும் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

அவன் விண்வெளி வீரனெல்லாம் இல்லை. பிளம்பர். அந்த வெள்ளைக் கட்டிடத்துக்குக் குழாய் போடப் போனவன். உள்ளே போகவேண்டிய ஒருத்தர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட, குழாய் போட்டவனே உள்ளே இருந்தால் நல்லதுதானே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற மனுஷன், குளியலறையில் பாடினான். செவ்வாயில் ஐஸ் இருக்கிறதாம், அதை உருக்கிக் குழாய் வழியாக வீட்டுக்குள் கொண்டு வருகிற முதல் பிளம்பர் அவன்தானாம். கல்யாணத்தன்றுகூட அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் எட்டு மாதமும் போய்விட்டது.

இன்று காலையில் வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். சோதனை இந்த வாரத்தோடு முடிகிறது, இவர்களே விண்கப்பல் ஏறுகிறார்கள். திரும்பி வருவது பற்றி அவள்தான் எழுந்து கேட்டாள். போகிற கப்பல் தயார் என்றார் என்ஜினியர். வருகிற கப்பலுக்கு டிசைன் முடிந்துவிட்டதாம், இவர்கள் அங்கே இறங்குவதற்குள் கட்டி முடித்துவிடுவார்களாம். அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவளுக்குப் புரிந்ததெல்லாம், திரும்பி வருகிற கப்பல் இன்னும் வெறும் படமாகத்தான் இருக்கிறது என்பதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஸ்டியரிங் அவர்கள் கையில் இருக்கும், ஆனால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதறாமல் உட்கார்ந்து, சரியான நேரத்தில் அதை மிதிப்பதுதான் அவள் வேலை. வேலை பழகிப்போய், பஸ்ஸில் பயணியாகப் போகும்போதும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். "பஸ்ஸை நீ நிறுத்த வேணாம். ஸ்டாப் வந்தா அதுவே நிக்கும்" என்று கேலி செய்வான் அவன்.

இப்போது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் ஆகப் போகிறது, தொட்டிக்கான பதில் வருகிற நேரம்தான். ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை. இங்கே பேசிப் பழகியவர்கள் கேள்விக்கு நம்பர் போட்டுத்தான் கேட்பார்கள், இல்லாவிட்டால் எந்தப் பதில் எதற்கு வந்தது என்று மண்டை காய்ந்துவிடும். அவள் இன்று நம்பர் போடவில்லை. காமிராவுக்குக் கிட்டே போனாள்.

"உங்களுக்கு நிஜமாவே அங்க போகணுமா? எனக்காகச் சொல்லாதீங்க. உள்ள இருக்கறவங்களுக்காகவும் சொல்லாதீங்க. மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் திரை வெளிச்சமானது. கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, அவன்.

"வேணாம்மா. எனக்கு மனசு வரல. கொஞ்சம் பொறுத்துக்கோ. நான் வந்துடறேன்."

அவ்வளவுதான். வேறு பிளம்பரைத் தன் குழாயைத் தொட விட அவனுக்கு என்றைக்குமே மனசு வராது. இப்போது கேட்ட கேள்வி இன்னும் மிஷினைவிட்டே கிளம்பியிருக்காது. இது தொட்டிக்கு வந்த பதில் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. தெரிந்துதான் எழுந்தாள்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. உள்ளே இருப்பவருக்குப் போக இஷ்டமில்லை என்றால் அந்த நிமிடமே கதவைத் திறந்துவிடுவார்கள். மற்றவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டாரிடம் சொன்னால் போதும், வீட்டார் வந்து சொல்லலாம். வீட்டுப் பேச்சைக் கம்பெனி ஒட்டுக்கேட்காது.

வராந்தாவில் பொறுப்பாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அவரு வேணாம்னு சொல்லிட்டாரு."

"அவரே சொன்னாரா?"

"அவர் வாயாலதான் சொன்னாரு."

அவர் டீயைக் கீழே வைத்தார். "எட்டு மாசம்மா," என்றார். "இன்னும் மூணு பேரு இருக்காங்க உள்ள. ஒருத்தர் வந்துட்டா எல்லாருக்கும் முடிஞ்சுது. இன்னொரு தடவை இதை நடத்தக் கம்பெனி இருக்குமான்னே தெரியல." அவர் எழுந்து போய் யார் யாருக்கோ போன் செய்தார். கால் மணிக்கு மேல் ஆயிற்று. அவள் பேசும் அறைக்குத் திரும்பி ஜன்னலோரம் நின்றாள். உள்ளே அவனுக்கு இரண்டாவது கேள்வி இப்போது போய்ச் சேர்ந்திருக்கும்.

வெள்ளைக் கட்டிடத்தின் கதவு புஸ்ஸென்று திறந்தது. நாலு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி டாக்டர். நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே தரையில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அழுகைக்குத் தான்தான் காரணம் என்று இவளுக்கு உறைத்தது. ஆனாலும் கதவு திறந்துவிட்டதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அந்த மனசை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அவன் ஓட்டமும் நடையுமாக அறைக்குள் வந்தான்.

"யாருக்கு என்ன ஆச்சு? மச்சானுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் திறந்தாங்க?"

"நீங்க வேணாம்னு சொன்னதா நான்தான் போய்ச் சொன்னேன்."

"நான் தொட்டிக்குல்ல சொன்னேன்."

"தெரியும்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான்.

"உன் இன்னொரு கேள்வி வந்துச்சு. பதில் சொல்லிட்டுத் திரும்பறேன், கதவு திறக்குது. அது இன்னும் வழியில இருக்கு."

"இப்ப நேர்லதான் இருக்கீங்களே. நீங்களே சொல்லுங்க."

"உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எனக்கு நிஜம் வராது. உனக்கும்தான் இத்தனை நாளா வரல." நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டான். "உட்காரு. அங்கிருந்து சொன்னதையே கேளு."

அவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றான். அவன் மேலிருந்து பழைய காற்றின் வாடை வந்தது. வெளியே யாரோ டாக்டரைத் தூக்கி நடத்திப் போனார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரை வெளிச்சமானது. அதில் இருந்தவன் காமிராவை ஒரு கணம் பார்த்தான், மூச்சை இழுத்தான், வாயைத் திறந்தான். அவளுடைய வலது கால், ஒன்றுமே இல்லாத அந்தத் தரையை அழுத்தி மிதித்தது.