சூரியகாந்தித் தொலி போன வழி

வறட்சிக் கோடைக்கு அடுத்து வந்த குளிர்காலத்தில், எங்கள் அணைத் தேக்கத்தின் உறைபனி நடுவில் குழிந்துபோனது. சமையலறை ஜன்னலோரம் பாத்திரம் கழுவும்போது அதைப் பார்த்தேன். முந்தின வாரம் மேசைபோலத் தட்டையாக இருந்தது, இப்போது சூப் தட்டுபோல இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் குழிவுக்குள் மட்டும் நீல நிழல் தேங்கியது. என் கணவர் டீட்ரிச்சைக் கூப்பிட்டுக் காட்டினேன். காப்பிக் கோப்பையோடு வந்தவர் அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பனிக்கு அடியில தண்ணி கொறையுது, ஓடில். எங்கயோ போகுது."

அவர்தான் அந்த அணையின் காவலர். நாங்கள் குடியிருந்த வீடே அந்த வேலையோடு வந்தது. எங்கள் ஆறு ஆகஸ்டில் தாண்டிக் குதிக்கலாம் போலக் கிடக்கும், ஏப்ரலில் மாட்டுக் கொட்டகையை அடித்துக்கொண்டு போகும். அதற்குத் தோதாகக் கட்டிய அணை அது. சிமெண்டுத் தூண்களுக்கு இடையே பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் தண்ணீர் நிற்கும். பனி உருகும் காலத்துக்கு முன் பலகைகளை உருவிவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் இறக்குவதும் வசந்தத்தில் உருவுவதும் டீட்ரிச்சின் வேலை. ரோஸன்ஃபர்ட் ஊரே அந்தத் தேக்கத்தைத்தான் குடித்தது. உறிஞ்சு குழாயின் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கிவிட்டால் பாலாடைக்கட்டி ஆலையும் ஆஸ்பத்திரியும் வீடுகளும் ஏப்ரல் வரை வறண்டுதான் கிடக்க வேண்டும்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் டீட்ரிச்சின் மனைவி ஓடில், அதாவது நான்தான்.

நான் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரான லா ஃபூர்ஷில் பிறந்தவள். பிரெஞ்சும் பூர்வகுடிகளின் கிரீ மொழியும் கலந்து பேசுகிற மெத்தீஸ் சனங்கள் நாங்கள். ரோஸன்ஃபர்ட், கட்டுப்பாடான கிறிஸ்தவ சபையாரான மென்னோனைட்டுகளின் ஊர். கல்யாணத்துக்காக அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். அவர்கள் என்னை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் நான் எங்கிருந்து வந்தவள் என்பதை மறக்கவில்லை. அந்த வருஷம் மேலே தேக்கம் குழிந்துகொண்டே போக, கீழே லா ஃபூர்ஷில் மட்டும் தண்ணீருக்குக் குறைவில்லை. பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? மாமியார் வீட்டுக்காக டீட்ரிச் அடிப்பலகையைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார் என்று கடையில் பேச்சு வந்தது. "ஓடிலுக்கு வரதட்சிணை இப்பத்தான் போய்க்கிட்டிருக்கு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அதை என்னிடம் சொன்னவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஊர்த்தலைவர் யாகோப் ரெம்பல் நேராக வீட்டுக்கே வந்து கேட்டார். டீட்ரிச், இல்லை என்றார். எங்கள் சபையில் யாரும் சத்தியம் செய்வதில்லை. ஒருவன் வாயால் இல்லை என்று சொன்னால் அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ரெம்பல் இரண்டாவது தடவை கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியில் டீட்ரிச்சின் காது சிவந்ததைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு சபையின் ஆண்கள் கூடும் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு ரெம்பல் தொப்பியை மாட்டிக்கொண்டார். அங்கே ஒருவன் பொய்யன் என்று முடிவானால் வேலையும் போகும், வீடும் போகும். அதைவிட, அதன்பின் அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து யாரும் சாப்பிட மாட்டார்கள்.

மறுநாள் டீட்ரிச் பலகைகளைச் சோதித்தார். பலகை இடுக்குகளை அடைக்க அவருக்கு ஒரு முறை உண்டு. நிலக்கரிச் சாம்பலையும் குதிரை லத்தியையும் குழைத்து மேல்பக்கத்தில் கொட்டுவார். கசிவு இருந்தால் தண்ணீரே அதை இழுத்துக்கொண்டுபோய் இடுக்கில் திணித்துவிடும். கொட்டினார். எதுவும் அசையவில்லை, சாம்பல் நேராக அடியில் போய்ப் படிந்தது. கடப்பாரையின் ஒரு முனையைப் பலகையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சுவரில் காதை வைத்தது போல இருந்தது. அணை ஒழுகவில்லை என்பது தெரிந்ததும் அவர் முகத்தில் பயம் போய் வேறு ஏதோ வந்தது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து பசுமாடு காணாமல் போனால் ஒருவன் எப்படி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவானோ, அப்படிக் கரையைச் சுற்றினார்.

இதற்கிடையில் ரெம்பலும் இன்னும் இரண்டு பேரும் தேக்கத்தில் மீன் பிடிக்க வந்து உட்கார்ந்தார்கள். மீன் ஒரு சாக்குத்தான். அணை நன்றாகத் தெரிகிற வளைவாகப் பார்த்து, தென்கரை ஓரமாகப் பனியில் துளை போட்டுக்கொண்டு, நாள் முழுக்க டீட்ரிச்சைக் காவல் காத்தார்கள். ரோஸன்ஃபர்ட்காரர்கள் சும்மா உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. வறுத்த சூரியகாந்தி விதையை வாயின் ஒரு பக்கத்தில் போட்டு, மறுபக்கத்தில் தொலியைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். பனியை அழுக்காக்கக் கூடாது என்று இவர்கள் துளைக்குள்ளேயே துப்பினார்கள். துப்பிய தொலி ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போய்விடும். மீன்தான் இழுக்கிறது என்று மூவரும் முடிவு செய்து, அந்த இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு மீனும் மாட்டவில்லை. அப்படியும் நம்பினார்கள்.

நான் என் அண்ணன் அல்சீடைப் பார்க்க லா ஃபூர்ஷ் போனேன். மனசு அவ்வளவு கனத்துப் போயிருந்தது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவின் அடியில் ஓர் ஊற்று உண்டு. சில வருஷம் முன்பு தானாகப் பொங்கியது. எந்தக் குளிரிலும் உறையாது. புனித அன்னம்மாள் கொடுத்தது என்று அண்ணன் ஒரு சின்னச் சொரூபத்தை அங்கே நிறுத்தி வைத்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் லா ஃபூர்ஷின் பாதிச் சனம் அதைத்தான் குடித்தது.

அண்ணன் தேநீர் ஊற்றினார். என் கோப்பையில் கறுப்பாக ஏதோ மிதந்தது. கரண்டியால் எடுத்தேன். சூரியகாந்தித் தொலி. ஒரு பாதி, பல் பட்ட தடத்தோடு.

"நீ எப்பண்ணே விதை திங்க ஆரம்பிச்ச?"

"அந்தக் கோழித் தீனியையா? நான் எதுக்குத் திங்கறேன்? உன் மென்னோனைட்டு தங்கச்சிமார் எவளாவது உன் பையில போட்டு விட்டிருப்பா."

கெட்டிலைத் திறந்து காட்டினேன். அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு பேரும் ஊற்றுக்குப் போய்க் குனிந்து பார்த்தோம். அன்னம்மாளின் காலடியில், கூழாங்கல் இடுக்கிலெல்லாம் தொலி ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து டீட்ரிச் முன்னால் அவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம் என்று யாரும் சொல்லாதபடிக்கு ஒரு வழி வேண்டும் என்றார். அந்த வழி என் அடுப்பில் இருந்தது. ஊறுகாய்க்கு வேகவைத்த பீட்ரூட் தண்ணீரில் ஒரு கிண்ணம் தொலியை ஊறப்போட்டேன். காலையில் அதன் வெளிறிய உட்புறம் மாதுளை முத்துபோலச் சிவந்திருந்தது.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. சிவப்புத் தொலி ஊற்றில் வந்தால் டீட்ரிச் பிழைப்பார். ஊர்க்காரர்கள் உடனே வழியைக் கண்டுபிடித்து அடைப்பார்கள். அடைத்தால் அண்ணனுக்கும் அந்தப் பாதி ஊருக்கும் தண்ணீர் இல்லை. வந்ததா இல்லையா என்று சொல்லப்போகிறவரும் அண்ணன்தான்.

மறைக்க எனக்கு மனமில்லை. அண்ணனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"செவப்பு வரலைன்னு நான் சொல்லிட்டா?" என்றார்.

"சொன்னா அவ்வளவுதாண்ணே. யாரும் வந்து பாக்கப்போறதில்ல."

"என் மாப்பிள்ளை என்ன சொல்றான்?"

"உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொல்றார்."

அண்ணன் ஃபோனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே டீட்ரிச் ரெம்பலின் துளைக்குப் போய், மூன்று பேரும் பார்த்திருக்க, சிவப்புத் தொலியைக் கொட்டினார். மீனுக்கு இப்போது பலகாரமும் வந்துவிட்டதா என்று ஒருவர் கிண்டல் செய்தார். தொலி சுற்றியது, உள்ளே போனது. டீட்ரிச் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அதுவும் ஊரில் பேச்சானது: அணைக்காவலருக்குப் புத்தி பிசகிவிட்டது.

சனிக்கிழமை வரை அண்ணனிடமிருந்து தகவல் இல்லை. நானும் கேட்கவில்லை. டீட்ரிச் ஞாயிற்றுக்கிழமைக்கான கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசு தட்டினார், மறுபடி மாட்டி வைத்தார். எங்கே குடிபோகலாம் என்று நான் மனசுக்குள் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஆற்றின் மேல் ஒரு குதிரைச் சறுக்குவண்டி வருவது தெரிந்தது. அண்ணன்தான். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக ரெம்பலின் துளைக்குப் போனார். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். டீட்ரிச்சும் வந்து சேர்ந்தார். அண்ணன் கம்பளிக்குள் பொதிந்திருந்த கெட்டிலை எடுத்துப் பனிமேல் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"இவங்கள்ல ரெம்பல் யாரு?" என்று என்னிடம் கேட்டார்.

ரெம்பல் எழுந்து நின்றார். அண்ணன் மூடியைத் திறந்து கெட்டிலைப் பனியில் கவிழ்த்தார். வெள்ளைப் பனிமேல் சிவப்புத் தொலி பரவியது. சாயம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனாலும் சிவப்புத்தான்.

"என் ஊத்துல வந்தது," என்றார் அண்ணன். "அன்னம்மா எனக்கு இரங்கித் தண்ணி குடுத்தாங்கன்னு வருஷக்கணக்கா மெழுகுவர்த்தி ஏத்தினேன் ஐயா. பாத்தா, இது உங்க எச்சில்."

யாரும் சிரிக்கவில்லை. ரெம்பல் குனிந்து ஒரு தொலியை எடுத்தார். பிறகு துளையைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், கரையோரத்து வில்லோ புதர்களைப் பார்த்தார். அவர் வாயிலிருந்த விதை அசையாமல் நின்றது.

"இங்க ஒரு குழா இருக்கு," என்றார் மெதுவாக. "மரக் குழா, கம்பி சுத்தினது. ரயில் எஞ்சினுக்குத் தண்ணி கொண்டுபோக லா ஃபூர்ஷ் தொட்டி வரைக்கும் பொதைச்சது. பஞ்ச காலத்துல கூலி வேலைக்குப் போனப்ப பொதைச்சோம். இந்த வளைவுல பள்ளம் தோண்டினதே நான்தான்."

டீசல் எஞ்சின்கள் வந்ததும் தொட்டியைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். மண்ணுக்குள் கிடந்த குழாயை யாரும் நினைக்கவில்லை. மேல்முனையை அடைத்திருந்த கட்டை அழுகியிருக்க வேண்டும், கீழ்முனை சரிவில் உடைந்து ஊற்றாகியிருக்கிறது. மழை உள்ள வருஷங்களில் அந்த இழப்பு தெரியவில்லை. வறட்சி வந்துதான் காட்டிக்கொடுத்தது. தான் தோண்டிய பள்ளத்தின் மேலேயே ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் எங்கே போகிறது என்று இத்தனை நாளும் காவல் காத்திருக்கிறார்.

"ஏண்ணே சொன்ன?" என்று பிறகு அண்ணனிடம் கேட்டேன். குதிரையின் கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டே, "எச்சின்னு தெரிஞ்ச பெறகு குடிக்க முடியுமா?" என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வாங்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. டீட்ரிச் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். ரெம்பல் எழுந்து, இரண்டாவது தடவை கேட்டது தன் தவறு என்று எல்லார் முன்னும் சொல்லிக் கை நீட்டினார். டீட்ரிச் கையைப் பிடித்தார், ஆனால் உடனே விடவில்லை. குழாயை அடைக்க வேண்டாம், ஒரு வால்வு போடுங்கள், மட்டத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கீழே விட்டுக்கொண்டிருக்கலாம் என்று கேட்டார். முணுமுணுப்பு எழுந்தது. நம் தண்ணீரை அவர்களுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டே விட்டார். அப்போதும் ரெம்பல்தான் பேசினார்.

"சகோதரரே, நான் துப்பினத அவங்க குடிச்சிருக்காங்க. இதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

கூட்டம் வால்வுக்குச் சம்மதித்தது.

பனி உருகியதும் வால்வு போட்டார்கள். வளைவில் கரைமேல் ஒரு சின்ன இரும்புச் சக்கரம். அதைத் திருப்புகிற வேலையும் டீட்ரிச்சுக்கே வந்தது. எதைத் திருட்டுத்தனமாகச் செய்கிறார் என்று அவரைச் சந்தேகப்பட்டார்களோ, அதைச் செய்யத்தான் அன்று முதல் அவருக்குச் சம்பளம். மாமியார் வீட்டுக்குத் தண்ணீர் திறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத் திருப்பப் போவார். ஒரு தடவையாவது என்னைப் பார்த்துச் சிரிக்காமல் போனதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அது ஊருக்குத் தெரியாது. டீட்ரிச்சுக்குப் பல் சரியில்லை, விதை கடிக்க மாட்டார். ஆனாலும் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருப்பார். குளிர்காலத்தில் குழாய் திறந்திருக்கும்போது வாரம் ஒரு தடவை நான் கடித்துப் போட்ட தொலியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டுபோய்த் துளைக்குள் போடுவார். அண்ணன் ஊற்றில் அதைப் பார்த்தால் குழாய் அடைபடவில்லை என்று இருவருக்கும் தெரியும். பிறகு அண்ணன் ஃபோன் செய்து, மாப்பிள்ளை இன்றைக்கும் துப்பிவிட்டான் என்று குறை சொல்வார். இரண்டு கிழவர்களும் அதற்குமேல் பேசிக்கொண்டதில்லை.

போன அக்டோபரில், பலகைகளை இறக்கி முடித்த வாரத்தில், டீட்ரிச் போய்விட்டார். வேறொரு காவலர் வந்தார். நல்ல பையன், சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். நான் இப்போது ஊருக்குள் ஓர் அறையில் இருக்கிறேன்.

ஜனவரியில் அண்ணன் ஃபோன் செய்தார். தண்ணீர் வருகிறது, ஆனால் தொலி வரவில்லை என்றார். அவருக்கு எல்லாம் தெரியும், அடக்கத்துக்கு வந்திருந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தெரிந்தேதான் சொன்னார்.

மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் ஒரு பொட்டலம் விதை வாங்கினேன். ஆற்றுவரை நடந்தேன். வளைவில் துளை உறைந்திருந்தது. புதுக் காவலரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். அவன் பனியை உடைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நின்றபடியே விதையைக் கடித்துக் கடித்து உள்ளே துப்பினேன். தொலி ஒரு சுற்றுச் சுற்றியது, இறங்கிப் போனது.