மலையாக உட்கார்ந்தவன்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மூடுபனி இருந்தது நிச்சயம். மற்றதில் பாதி என் உறவுக்காரி ரிஸ்தேன் சொல்லிச் சொல்லி நான் பார்த்ததாக ஆகியிருக்கலாம்.

வரைபடத்துக்காக எங்கள் மலைகளை அளக்கத் தெற்கிலிருந்து வந்த தோர்லெய்வுக்கு நான் சுமை தூக்கினேன். உச்சியில் இருக்கும் கற்குவியலை மூன்று முகடுகளிலிருந்து தியோடலைட் கருவியில் பார்த்துக் கோணம் எடுப்பார். இரண்டு முகடுகள் முடிந்ததும், குவியலின் உயரத்தை அளந்து வர என்னை உச்சிக்கு அனுப்பினார். குவியல் குளிர்காலத்திலேயே சரிந்து கிடந்தது. அதன்மேல் என் சித்தப்பா மகன் ஓவ்லா, சாம்பல் நிறக் கோட்டில், பனிமான் மந்தையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"நேத்தும் இங்கதான் இருந்தியா?"

"வேற எங்க இருப்பேன்?"

இரண்டு முகட்டிலிருந்தும் குவியல் என்று அவர் பார்த்தது ஓவ்லாவைத்தான் என்று வயர்லெஸ்ஸில் சொன்னேன்.

"அவர எழுந்திரிக்க விடாத," என்றார் தோர்லெய்வ். "மூணு முகட்டுலேர்ந்தும் ஒரே பொருளத்தான் பாக்கணும். அது விதி. மூடுபனி விலகினதும் மூணாவது முகட்டுலேர்ந்து பாக்கறேன். இல்லன்னா அடுத்த கோடையும் நான் வரவேண்டியிருக்கும்."

அவருடைய கூடாரத்தைக் கண்டாலே மந்தை மிரளும். அடுத்த கோடையும் அவர் வராமலிருக்கட்டும் என்று ஓவ்லா உட்கார்ந்தான். ஆனால் கீழே கன்றுகளின் காதில் குறி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்களிடம் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் குறி. யார் குறி காதில் இருக்கிறதோ, கன்று அவருடையது. அந்தக் குளிர்காலத்தில் மந்தையில் பாதியை இழந்தவனுக்கு அந்தக் கன்றுகள்தான் மிச்சம்.

மறுநாள் செய்தி கேட்டு அவன் மனைவி ரிஸ்தேன் ஏறி வந்தாள்.

"என்ன மலையே, சாப்ட்டியா? நீ இங்கயே இரு. கன்னுக்கெல்லாம் என் குறியப் போட்டுடறேன்."

ஓவ்லா இடுப்பிலிருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "கோட்டப் போட்டுக்கிட்டு நீ உக்காரு," என்றான்.

"வெள்ளக் கன்னு எனக்கு."

"அது மட்டும் கேக்காத."

"அப்ப நீயே மலையா இரு."

அவன் கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். கத்தியோடு கீழே ஓடினான். சற்று நேரத்தில் பனி விலகியது. தோர்லெய்வ் மூன்றாவது முகட்டிலிருந்து கூப்பிட்டார்.

"குவியல் கொஞ்சம் ஒல்லியாயிடுச்சே?"

"ராத்திரி நல்ல காத்து சார்," என்றேன். ரிஸ்தேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

கோணங்கள் பிசிறில்லாமல் பொருந்தின. தோர்லெய்வ் அதற்குப் பிறகு கடல் ஆழம் அளக்கும் வேலைக்குப் போய், பெர்கன் நகரத்தில் ஓய்வு பெற்றார். ஓவ்லா போன வருடம் இறந்தான். வெள்ளைக் கன்றின் வழிவந்த மந்தையை ரிஸ்தேன் மேய்க்கிறாள். நான் ஊரில் கடை வைத்திருக்கிறேன்.